வாங்கும் விலையும் வைத்துக்கொள்ளும் விலையும்

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலின் முன்னே தேங்காய் உடையும் ஓசை ஓய்வதே இல்லை. தொழில் தொடங்குவோரும் வண்டி வாங்குவோரும் இடையூறு நீங்க வேண்டி இங்கே தேங்காய் உடைக்கின்றனர். அக்கோயிலுக்கு அருகிலுள்ள எங்கள் கிளைக்குச் சென்ற ஆண்டு, சாலை பஜாரில் மொத்த வணிகம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். இரண்டு இருக்கைகள் கொண்ட, மேற்கூரை மடங்கும் சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் படத்தைக் காட்டினார். வண்டியின் வயது 14 ஆண்டுகள்.

“சார், புதிதாக 70 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. இப்போது 18 லட்சத்துக்குத் தருகிறார்கள். மகள் படிப்புக்குப் போட்ட வைப்பை முறித்துவிடலாமா?”

“அண்ணாச்சி, வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லையே” என்றேன்.

இவ்வுண்மையைப் பலரும் வாங்கிய பின்னரே உணர்கின்றனர். 70 லட்சம் ரூபாய் வண்டிக்கென வடிவமைக்கப்பட்ட பம்பு, அவ்வண்டி 18 லட்சத்துக்கு விற்கப்படும்போதும் தன் பழைய தகுதிக்குரிய விலையையே கேட்கும்.

இந்நகரத்தார் பலர் அறிந்த பழைய சொகுசு வண்டி ஒன்று உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 அது, பதிவெண் சி.ஏ.என். 42. 2013இல் அவர் மறையும் வரை அது அவரிடமே இருந்தது. நான்கு சிலிண்டர் என்ஜின், எளிய இயந்திர அமைப்பு, முதல் நாளிலிருந்து ஒரே உரிமையாளரின் கவனிப்பு ஆகியவை அவ்வண்டிக்கு வாய்த்திருந்தன. அதைப் பார்த்து, எல்லாப் பழைய சொகுசு வண்டிகளும் அவ்வாறே உழைக்கும் என எண்ணிவிடலாகாது. 2000க்குப் பின் வந்த வண்டிகள் கணினியாலும் உயர் அழுத்த எண்ணெயாலும் இயங்குபவை. அவை பல கை மாறியும் வந்திருக்கும்.

சான்றாக, 2001இல் வெளிவந்த மெர்சிடிஸ் எஸ்.எல். வரிசையை எடுத்துக்கொள்வோம். அதில் பல வண்டிகளின் சஸ்பென்ஷன் சுமார் 200 பார் அழுத்தத்தில் பாயும் எண்ணெயால் இயங்குகிறது. வயதாகும்போது குழாய்களும் ரப்பர் சவ்வுகளும் தளர்ந்து எண்ணெய் கசியும். வண்டி ஒரு பக்கம் தாழும். கவனியாமல் ஓட்டினால் பம்பும் பழுதாகும். மடங்கும் கூரையின் எண்ணெய் சிலிண்டர்களுக்கும் இதே கதிதான்.

1990களின் இறுதியிலிருந்து 2005 வரை உருவான போர்ஷே பாக்ஸ்டர், 911 வண்டிகள் பலவற்றில், என்ஜினின் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் நலிவுற்றது என்பது உலகறிந்த செய்தி. அது உடைந்தால் என்ஜினே பாழாகலாம். அந்த பேரிங் சிறியதுதான்; ஆனால் அதை மாற்ற கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும். ஆதலால், கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றிவிட்டால் இருமுறை கூலி கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

நம் ஊர் மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். மடங்கும் கூரையின் வடிகால் துளைகளில் இலை அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே இறங்கி, இருக்கைக்கு அடியிலுள்ள மின்னணுப் பெட்டிகளை நனைக்கும். மேலும், கிழக்கே கோட்டை, தம்பானூர் பகுதிகளில் மழைநீர் தேங்குவது நாம் அறிந்ததே. 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் வடிகால் ஆக்கிரமிப்புகளை அகற்றும் பணியே நடைபெற்றது. ஸ்போர்ட்ஸ் கார்களின் அடிப்பகுதி தரையிலிருந்து 10 முதல் 13 செ.மீ. உயரத்திலேயே இருக்கும். தேங்கிய நீரில் ஓட்டி என்ஜினுக்குள் நீர் புகுந்தால், தனியாக என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை எடுத்திராதவர்க்குக் காப்பீடு பொதுவாகக் கைகொடுப்பதில்லை.

காப்பீட்டின் வரம்பையும் அறிதல் நலம். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சாதாரண வாகனக் காப்பீட்டில் அடங்கா. விபத்தின்போதும், 10 ஆண்டுகளைக் கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பாட்டரிக்கும் எந்த வயதிலும் 50 விழுக்காடு. 2,00,000 ரூபாய் விலையுள்ள பாகத்திற்கு 1,00,000 ரூபாய் நம் கையிலிருந்தே செல்லும்.

அடுத்தது ஆவணங்கள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இக்கட்டணம் 5,000 ரூபாயாகவும், இறக்குமதியான காருக்கு 40,000 ரூபாயாகவும் உயர்ந்தது. வெளிமாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் மறுபதிவு செய்து, கேரளத்திற்குரிய சாலை வரியும் செலுத்த வேண்டும். முந்தைய கடன் முடிந்து, பதிவுச் சான்றிதழிலிருந்து அடமானக் குறிப்பு நீக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்ட நம் வாடிக்கையாளர், முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டியைத் தேர்ந்த பணிமனை ஒன்றில் சோதிக்க இசைந்தார். கணினிக் கருவியால் பிழைக் குறிப்புகளைப் படித்தனர். குளிர்ந்த நிலையில் என்ஜினை இயக்கிப் பார்த்தனர். பராமரிப்புப் பதிவேட்டைச் சரிபார்த்தனர். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களையும் நோக்கினர். 2316 என்றிருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. முடிவில், உடனடியாகச் செய்ய வேண்டிய வேலைகளுக்கு மட்டும் 7 லட்சத்தைத் தாண்டிய மதிப்பீடு வந்தது.

வைப்பை முறிக்கும் எண்ணத்தை அவர் கைவிட்டார், ஆசையைக் கைவிடவில்லை. “பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டியிருக்கும், சார்?” என்றார். 3 லட்சமேனும் வேண்டும் என்பது பணிமனையார் அவருக்குச் சொல்லியிருந்த கணக்கு. அப்படியானால் மாதம் 25,000 ரூபாய்க்கு ஒரு தொடர் வைப்பைத் தொடங்கி ஓராண்டு கட்டிப் பாருங்கள் என்றேன். வண்டியில்லாமலே வண்டிச் செலவைச் செய்து பார்க்கும் ஒத்திகை அது. கடைக்கும் வீட்டிற்கும் குறையின்றித் தவணை கட்ட முடிந்தால் வண்டியைத் தேடலாம். சேர்ந்த பணம் முதல் பழுதுக்கு ஆகும். முடியாவிட்டால் இழப்பு ஏதுமில்லை. பணம் வட்டியோடு நம்மிடமே இருக்கும்.

இதுவரை ஒன்பது தவணைகள் கட்டியிருக்கிறார். ஓணத்திற்கு முந்தைய மாதம் மட்டும் சரக்குக் கொள்முதலால் தவணை தாமதமாயிற்று. “அந்த மாதம் வண்டியும் பழுதாகியிருந்தால் என்ன செய்திருப்பேன்?” என்று அவரே கேட்டுக்கொண்டார். மகளின் வைப்பு முதிர்வு நாள் வரை அப்படியே இருக்கிறது.