இறக்கக்கண்டிப் பாலத்தில் ஐந்நூறு குதிரைகள்

வேகக் கார்களைப் பற்றி நம் பொடியன்கள் சொல்லும் தீர்ப்புகளில் பாதி ஜேர்மனியில் எழுதப்பட்டவை. ஏறத்தாழ 20.8 கிலோமீற்றர் நீளமும் எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகளும் கொண்ட நூர்பர்க்ரிங் பாதையை எந்தக் கார் எத்தனை நிமிடத்தில் சுற்றியது, நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீற்றர் வேகத்தை எத்தனை வினாடியில் தொட்டது என்ற கணக்குகள்தான் இங்கேயும் திருப்பிச் சொல்லப்படுகின்றன. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் வகுப்பில் மூன்றாம் இடம் பிடித்த பிறகு, போர்ஷே 911 பற்றி அபிப்பிராயம் இல்லாத தமிழ் இளைஞனைக் காண்பது அரிது. ஆர்வம் நல்லதுதான். ஆனால் திருகோணமலையிலிருந்து சாம்பல்தீவு, நிலாவெளி தாண்டி, இறக்கக்கண்டிப் பாலத்தில் களப்பைக் கடந்து புல்மோட்டைக்குப் போகிற வீதியில் அந்தத் தீர்ப்புகள் செல்லுமா என்று பார்த்தால், பட்டியலில் முதலாவதாக நிற்கும் கார் பல இடம் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு கூப்பே, அதாவது இரண்டு கதவு வேகக் கார், நன்றாக ஓடுகிறதா, ஓட்டுபவரின் கைக்கு அடங்குகிறதா என்பது காரில் பாதியும் வீதியில் பாதியுமாக இருக்கிற விஷயம். நாம் வீதியை விட்டுவிட்டுக் காரை மட்டும் எடை போடுகிறோம்.

கணக்கையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் சாதாரண வீதியில் காருக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்மனைகளுக்குள் 50, அதிவேக நெடுஞ்சாலையில் 100. மூன்று லீற்றர் டேர்போ எஞ்சினுள்ள டொயோட்டா ஜி.ஆர். சுப்ரா அந்த எழுபதை மூன்று வினாடிக்குள் தொட்டுவிடும். அதன் பிறகு அந்த எஞ்சினுக்குச் சட்டப்படி வேலை இல்லை. வளைவிலும் இதே கதைதான். சாதாரண நல்ல டயர் ஒரு காரை அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு விசையோடு பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் என்று வைத்துக்கொண்டால், 70 கிலோமீற்றர் வேகத்தில் அந்தப் பிடியின் எல்லையைத் தொடுவதற்கு ஏறத்தாழ 43 மீற்றர் ஆரையுள்ள இறுக்கமான வளைவு வேண்டும். பந்தயத்துக்கென்றே வார்த்தெடுத்த ஒட்டுந்தன்மை கூடிய டயர் போட்டால் வளைவு இன்னும் இறுக வேண்டும். கடலோரமாகப் பெரும்பாலும் நேராகவே ஓடும் இந்த வீதியில் அப்படியொரு வளைவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தாலும் அங்கே மாடு படுத்திருக்கும். ஆக, ஐந்நூறு குதிரைவலுவுக்குக் காசு கொடுத்தவர் அதில் பெரும்பங்கை ஒருபோதும் தொடாமலே வண்டியை விற்கப்போகிறார்.

கார்ப்பித்தர்கள் இந்த இருபது ஆண்டுகளாக முணுமுணுத்துவரும் குறைகளில் வலுவானது எடையைப் பற்றியது. 1986இல் வந்த முதல் பி.எம்.டபிள்யூ எம்3 ஏறத்தாழ 1,200 கிலோ, குதிரைவலு 200க்குள். அதன் இன்றைய வாரிசான எம்4 கூப்பே 1,700 கிலோவுக்கு மேல், அதன் வலுக்கூடிய வகைகளில் குதிரைவலு 500ஐத் தாண்டியது. இந்தப் போக்குக்கு எதிராகப் பொறியாளர்களே எடுத்த முயற்சிதான் 2012இல் வந்த டொயோட்டா 86. தலைமைப் பொறியாளர் தெத்சுயா தடாவின் குழு, சுபாருவின் இரண்டு லீற்றர் தட்டை எஞ்சினைத் தாழ்வாக வைத்து, புவியீர்ப்பு மையத்தை நிலத்திலிருந்து 46 சென்ரிமீற்றர் அளவுக்கு இறக்கி, வண்டியை 1,250 கிலோவுக்குள் அடக்கியது. 17 அங்குலச் சக்கரத்தோடு வந்த 86க்கு அவர்கள் போட்ட டயர்தான் ரசிகர்களை இரண்டாகப் பிரித்தது: அதே டொயோட்டாவின் பிரியஸில் போட்ட, 215 மில்லிமீற்றர் அகலமேயுள்ள மிஷ்லின் பிரைமசி. சிக்கனம் பார்த்துவிட்டார்கள் என்று பலர் கேலி செய்தார்கள். ஆனால் அது வேண்டுமென்றே செய்தது. பிடி குறைவான டயர் தன் எல்லையைத் தாழ்ந்த வேகத்திலேயே அறிவித்துவிடும். பின்சக்கரம் மெல்ல வழுகத் தொடங்குவது இடுப்புக்குத் தெரியும், முன்சக்கரம் இளகுவது ஸ்டியரிங் வழியே விரலுக்குத் தெரியும். அகன்ற டயரோ கடைசிவரை ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, விடும்போது ஒரேயடியாக விடும். அந்த நேரம் ஓட்டுபவருக்குத் திருத்திக்கொள்ளப் பொழுது இருக்காது.

இங்கே பழமைவாதிகளோடு எனக்கு ஒரு சச்சரவு உண்டு. மின்சார ஸ்டியரிங் வந்ததோடு வீதியின் உணர்வே செத்துவிட்டது என்று அவர்கள் சொல்கிறார்கள். 2011இல் போர்ஷே 911 எண்ணெய் அழுத்த முறையைக் கைவிட்டபோது எழுந்த புலம்பல் இன்னும் ஓயவில்லை. அப்படியானால் பிறந்த நாளிலிருந்தே மின்சார ஸ்டியரிங்கோடு ஓடும் 86ஐ அதே ஆட்கள் ஏன் மெச்சுகிறார்கள்? குற்றம் மோட்டாரில் இல்லை. முன்சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை, டயர் எவ்வளவு அகலம், இணைப்புகளை எப்படி அமைத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. பழையதெல்லாம் பொன் என்ற பேச்சு எடை பற்றிய நியாயமான முறைப்பாட்டையும் சேர்த்துக் கெடுக்கிறது.

வலுவான கார்தான் பாதுகாப்பு, முந்திச் செல்லும்போது உயிர் காப்பது எஞ்சின்தான் என்ற எதிர்வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. மீன் ஏற்றிய லொறிக்குப் பின்னால் 50இல் ஊர்ந்துவிட்டு, எதிரே வெளி கிடைத்த சில வினாடிக்குள் முந்த வேண்டியிருக்கும்போது, பழைய 86இன் குறை அப்பட்டமாகத் தெரியும். அதன் இழுவிசை நிமிடத்துக்கு 4,000 சுழற்சியை அண்டிய இடத்தில், அதாவது முந்துவதற்கு மிதிக்கும் அதே இடத்தில், பள்ளத்தில் விழுந்ததுபோல் தளர்ந்துவிடும். 205 நியூற்றன் மீற்றர் என்ற உச்சம் 6,000 சுழற்சிக்கு மேலேதான் கிடைத்தது. 2021இல் வந்த ஜி.ஆர்.86 எஞ்சினை 2.4 லீற்றராக்கி, 250 நியூற்றன் மீற்றரை 3,700 சுழற்சியிலேயே கொடுத்தது. இதை ரசிகர்கள் கொண்டாடியது சரிதான். ஆனால் அது சொல்வது என்ன? முந்துவதற்குத் தேவைப்பட்டது சரியான இடத்தில் கிடைக்கும் விசை. அதற்கு 235 குதிரைவலு போதும். ஐந்நூறு வேண்டும் என்ற வாதத்துக்கு இதில் சான்று இல்லை.

டயர் விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு ஒரு படி இறங்கித்தான் ஆக வேண்டும். இரவில் சூடான தாரின் மேல் படுத்திருக்கும் மாட்டைக் கண்டு திடீரென்று பிரேக் அடிக்கும்போது, சறுக்கி விளையாடும் டயரால் யாருக்கும் நன்மை இல்லை. பிடி குறைந்த டயரின் இன்பம் ஆளில்லாத வளைவுக்கு உரியது. அதற்காக அகன்ற டயருக்குத் தாவுவதும் தீர்வாகாது. வடகீழ்ப் பருவமழையில் தண்ணீர் தேங்கிய வீதியில் அகன்ற டயர்தான் சீக்கிரம் நீரின் மேல் மிதக்கும். 19 அங்குல ரிம்மில் மெல்லிய பட்டிபோல் சுற்றியிருக்கும் டயர் ஒரு குழியில் இறங்கினால் ரிம்மே நெளியும். அதே 215 அகலத்தில், ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயரைப் போடுவதுதான் இந்தக் கரைக்குப் பொருந்தும்.

வீதி மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதற்கு இந்தத் தீவிலேயே மறுபக்கச் சான்று இருக்கிறது. 1934 முதல் நுவரெலியாவில் நடந்துவரும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் வளைவுகள் குறுகியவை, வீதி மூடப்பட்டிருக்கும், எதிரே யாரும் வரமாட்டார்கள். 1,800 மீற்றருக்கு மேலே காற்று அடர்த்தி குறைவதால், டேர்போ இல்லாத எஞ்சின் தன் வலுவில் ஆறில் ஒரு பங்கையாவது இழக்கும். டேர்போ தன் காற்றைத் தானே அமுக்கிக்கொள்ளும். அங்கே சுப்ராவை வெறுப்பவர் தோற்பார். களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவின் பழைய விமான ஓடுபாதையிலும் அப்படித்தான். பெரிய எஞ்சினுக்கு இடமே இல்லை என்பதல்ல என் வாதம். அந்த இடம் நம் புல்மோட்டை வீதியில் கடல்மட்டத்தில் உள்ள கும்புறுப்பிட்டி அல்ல என்பதுதான்.

அழகுக்காகவும் ஊர் பார்ப்பதற்காகவும் வாங்குகிறோம் என்பவர்களோடு வாதிட ஒன்றுமில்லை. அது நேர்மையான காரணம். ஓட்டுவதற்காக வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு சொல். 2020 மார்ச்சில் மூடிய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்தது. எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து ஏறும் வரி ஜி.ஆர்.86ஐயே பலருக்கு எட்டாக்கனியாக்கிவிடும். ஹைபிரிட்டுக்கு வரிச்சலுகை இருந்த நாட்களில் இங்கே வந்திறங்கிய ஹோண்டா சி.ஆர்-இசட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1.5 லீற்றர், 1,150 கிலோவை ஒட்டிய எடை, சிலவற்றில் ஆறு கியர் மனுவல். வேகமும் இல்லை, பெரிய சிக்கனமும் இல்லை என்று 2010இல் ரசிகர்கள் அதை ஒதுக்கினார்கள். நூர்பர்க்ரிங்கில் அது சரியான தீர்ப்பாக இருக்கலாம். இங்கே அது எழுபதுக்குள்ளேயே மூன்று கியரை நிறைவாக மாற்றவைக்கும், வீதியின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் கைக்குச் சொல்லும். மனுவல் கிடைத்தால் ஹைபிரிட் பற்றரியைச் சோதித்துவிட்டு எடுக்கலாம். பின் இருக்கையைப் பற்றி மட்டும் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது; அதில் பெரியவர் யாரும் உட்கார முடியாது.