மலையேறப் போறீங்களா? முதலில் கணக்குப் போடுங்கள்!

கதிர்காமத்துச் சமதரையில் நடந்து பழகிய நமக்கு மலை என்றாலே ஆசைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் நீளம் சுமார் 1,600 கி.மீ. அதில் ஒரு துண்டுதான் தேனி மாவட்டம் போடிக்கு மேலே உள்ள குரங்கணி மலைப்பாதை. 2018 மார்ச் 11 அன்று அங்கே காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மார்ச்சில் புல் காய்ந்து கிடக்கும். சரிவில் தீப்பிடித்தால் அனல் மேலே எழும்பி, மேலிருக்கும் புல்லையும் சூடாக்கிவிடும். அதனால் தீ மேல்நோக்கி வெகுவேகமாக ஏறும். மனுஷன் ஓடித் தப்ப முடியாது.

ஆகவே முதல்ல மாதம் பாருங்க. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வேண்டவே வேண்டாம். அடுத்தது வனத்துறை அனுமதி, பாதை தெரிந்த உள்ளூர் ஆள்.

பிறகு நேரம். ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு சுலபமானது: 5 கி.மீ. நடக்க 1 மணி. 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக 1 மணி. 10 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றரை மணி. ஓய்வு நேரம் தனி. கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவரை வைத்துத்தான் கணக்கு. இருட்டுமுன் முடியாதா? பாதியிலேயே திரும்பிடுங்க.

எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிட்டுப் போங்க. எங்க வீட்டில் முதன்முதலா படிக்க வந்தவன் நான். உங்களில் பலரும் அப்படித்தான். நம்மை நம்பி ஒரு குடும்பமே காத்திருக்கு!