விறகில்லாமல் கூடாரச் சமையல்

கூடாரம் அடித்துத் தங்குவோருக்கு விறகுத் தீக்கு மாற்றாக முதலில் கைகொடுப்பது சிறிய கேஸ் அடுப்பு. திருகை மூடியதும் தீ அணைந்துவிடும்; பறக்கப் பொறியோ, மிஞ்சக் கங்கோ இருக்காது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீக்குப் பலியானதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

பியூட்டேன் மட்டும் அடைத்த குப்பி 0 டிகிரியை நெருங்கும் குளிரில் சரியாக எரியாது. உதகையின் உறைபனி இரவுகளுக்குப் புரொப்பேன் கலந்ததே ஏற்றது. செய்யாற்றங்கரை மாகறல் போன்ற சமவெளி ஊர்களில் அந்தக் கவலை இல்லை. கிராமப்புறத்தில் வறட்டியும் உண்டு, நின்று கனலும். ஆனால் புகை அதிகம், சாம்பலுக்குள் நெருப்பு நெடுநேரம் ஒளிந்திருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறாமல் கிளம்பக் கூடாது.

வெளிச்சத்துக்குச் சூரிய விளக்கு போதும். குளிருக்காக எந்த அடுப்பையும், குறிப்பாகக் கரி அடுப்பை, கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது: வாசனையற்ற கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.