தேதியைச் சொல்லுங்கள், கூட்டைச் சொல்லாதீர்கள்

கொடைக்கானலில் 'சீசன்' களைகட்டும் சித்திரையில்தான் இன்னொரு கூட்டம் மலையைக் காலி செய்கிறது. ஏரிக்கரையில் செப்டம்பரிலிருந்து வாலை ஆட்டிக்கொண்டு திரிந்த சாம்பல் வாலாட்டியும், சோலை மரங்களின் உச்சியில் ஓரிடத்தில் நில்லாமல் பூச்சி பொறுக்கிய கதிர்க்குருவிகளும், நீலத்தலைப் பூங்குருவியும் இமயமலைக்கும் அதற்கு அப்பாலும் திரும்புகிற நேரம் அது. மேலே ஏறி வரும் வண்டிகளை எண்ண 2024 மே 7 முதல் இ-பாஸ் இருக்கிறது. கிளம்பிப் போகும் பறவைகளைக் கணக்கில் வைப்பவர்கள் பறவை ஆர்வலர்கள் மட்டுமே. அதனால் பங்குனி, சித்திரை மாதங்களில் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஓய்வே கிடையாது. எங்கே, எப்போது, எத்தனை, படம் இருக்கிறதா என்று கேள்விகள் பறக்கும்.

இந்தச் செய்திப் பரிமாற்றத்தால் அறிவியலுக்கும் பறவைக்கும் என்ன லாபம், எங்கே நஷ்டம் என்பது பலருக்கும் தெளிவாக இல்லை. அபூர்வப் பறவையைப் பார்த்தவர் பெருமை அடித்துக்கொள்கிறார் என்றே வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

இளவேனிலில் அபூர்வம் என்று சொல்லப்படுவனவற்றில் முதல் வகை, வழிப்போக்கர்கள். இலங்கையின் நுவரெலியா நகரில் உள்ள விக்டோரியா பூங்கா உலகப் பறவை ஆர்வலர்கள் தேடிப் போகும் இடம். இமயமலைப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் காஷ்மீர் ஈபிடிப்பானும், கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும், நம் ஆறுமணிக்குருவியும் குளிர்காலத்தை அங்கே கழிக்கின்றன. திரும்பும்போது இவை கடலைத் தாண்டித் தென்னிந்தியாவின் வழியாகத்தான் வடக்கே போயாக வேண்டும். வழியில் உள்ள சோலைகளும் தோப்புகளும் அவற்றுக்கு இளைப்பாறும் இடங்கள். ஆனால் ஐப்பசியில் வரும்போது இருக்கும் நிதானம் சித்திரையில் இருப்பதில்லை. முதலில் போய்ச் சேரும் ஆண் பறவைக்கு நல்ல இடம் கிடைக்கும் என்பதால் எல்லாம் அவசரத்தில் இருக்கும். ஒரு தோட்டத்தில் இரண்டு நாள் தங்கினால் அதிகம். எனவே இளவேனில் காட்சிகள் குறைவாகவும் குறுகியதாகவும் இருக்கின்றன. செய்தி உடனே பரவினால்தான் இன்னொருவரால் போய் உறுதிப்படுத்த முடியும்.

இதில் இடத்தையும் பார்க்க வேண்டும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவி, மலைச்சரிவின் காப்பித் தோட்டத்தில் குளிர்காலத்தில் தென்பட்டால் அது சாதாரணம். அதே குருவி ஏப்ரலில் 2,000 மீட்டருக்கு மேல் கொடைக்கானல் நகருக்குள் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இலைச்சருகைக் கிளறிக்கொண்டு நின்றால், அது பயணத்தில் இருக்கும் பறவை. சொல்ல வேண்டிய செய்திதான்.

காஷ்மீர் ஈபிடிப்பான் இன்னும் நுணுக்கமான வழக்கு. உலக அளவில் அழியும் ஆபத்தில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட சிறு பறவை அது. இலங்கை மலைகளைத் தவிர நீலகிரியின் மேட்டுநிலத்திலும் குளிர்காலத்தில் தங்குவது பதிவாகியிருக்கிறது. நீலகிரியைப் போன்ற உயரமும் சோலையும் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கும் உண்டு. ஆகவே தொண்டையில் சிவப்பு தெரியும் ஈபிடிப்பான் எதைப் பார்த்தாலும் அவசரப்படாமல் படம் எடுக்க வேண்டும். ஆண் காஷ்மீர் ஈபிடிப்பானுக்குச் செங்கல் நிறம் தொண்டையிலிருந்து மார்பு வரை இறங்கும், ஓரத்தில் கறுப்புக் கரை இருக்கும். கறுப்புக் கரை இல்லாமல் தொண்டை மட்டும் ஆரஞ்சாக இருந்தால், அது செந்தொண்டை ஈபிடிப்பானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உற்சாகத்தில் இந்தக் கரையைப் பார்க்க மறந்தவர்கள் நிறைய.

அபூர்வத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பறவை சாதாரணமானதுதான், தேதிதான் அபூர்வம். ஜனவரியில் கொடைக்கானல் ஏரிக்கரையில் சாம்பல் வாலாட்டியைப் பார்ப்பது காக்கையைப் பார்ப்பது போல. ஜூன் மாதம் பார்த்தால்? திரும்பிப் போகாமல் ஏன் தங்கியது, காயமா, நோயா, அல்லது வேறு வாலாட்டியைத் தவறாக அடையாளம் கண்டோமா என்று விசாரிக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவின் கார்னல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கிய, உலகெங்கும் ஆர்வலர்கள் பதிவிடும் இ-பேர்ட் தளம் இப்படித்தான் இயங்குகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் மாதவாரியாக ஒரு சல்லடை வைத்திருக்கிறார்கள். எந்தப் பறவை, எந்த மாதத்தில், எத்தனை வரை இயல்பு என்பது அதில் இருக்கும். அந்த எல்லையைத் தாண்டிய பதிவு உடனே தனியாக நிற்கும். அந்தப் பகுதியை அறிந்த தன்னார்வலர் ஒருவர் பதிவிட்டவரிடம் படமோ ஒலிப்பதிவோ குறிப்போ கேட்பார். 'என்னை நம்பவில்லையா?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பதிவு நிற்பதற்கு அந்தக் கேள்விதான் அரண்.

வருகைத் தேதியைவிடப் புறப்பாட்டுத் தேதியை அறிவது கடினம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முதல் வாலாட்டி வந்த அன்று அதைப் பார்த்தவருக்குத் தெரிந்துவிடும். கடைசி வாலாட்டி எது என்று அதைப் பார்க்கும்போது யாருக்கும் தெரியாது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அதே இடத்துக்குப் போய், இல்லை என்று உறுதி செய்தவருக்கு மட்டுமே தெரியும். பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம் 2007-ல் தொடங்கிய 'மைகிரன்ட் வாட்ச்' திட்டம் முதல் தேதி, கடைசி தேதி இரண்டையும் கேட்டது. இப்போது இ-பேர்ட் தளத்தில் அதற்குப் பதில் வேறொரு வழி. அபூர்வமான ஒன்றை மட்டும் எழுதாமல், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுது என்கிறார்கள். கண்டதையெல்லாம் எழுதிய பட்டியலில் வாலாட்டி இல்லை என்றால், அந்த இல்லாமையும் தகவல். காக்கையும் மைனாவும் சேர்ந்த இந்த அலுப்பான பட்டியல்தான், என் கணிப்பில், அபூர்வப் பறவையின் பளபளப்பான படத்தைவிடப் பயனுள்ளது. 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை, 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் எழுதிய 3 கோடிப் பதிவுகள். அவற்றில் பெரும்பாலானவை சாதாரணப் பறவைகளைப் பற்றியவையே.

பழனி மலையில் இப்படித் தகவல் பகிர்வது கைப்பேசி வந்தபின் தொடங்கியதல்ல. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்குப் பயந்து 1845-ல் இங்கே வீடு கட்டினார்கள். 1863-ல் ஏரி உருவானது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் அகமத்நகர் பக்கத்து மிஷனில் பணியாற்றிய சாமுவேல் பேகன் ஃபேர்பேங்க் இந்த மலையில் பறவைகளைச் சேகரித்தார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் இருந்த பிளான்ஃபோர்டு அவற்றை ஆராய்ந்து, 1868-ல் வெண்வயிற்றுச் சோலைக்கிளியையும் 1869-ல் பழனிச் சிரிப்பானையும் அறிவியலுக்குப் புதியவை என்று அறிவித்தார். சிரிப்பானின் அறிவியல் பெயரில் இன்றைக்கும் ஃபேர்பேங்க் இருக்கிறார். அவர் அதோடு நிற்காமல், பழனி மலையிலும் அடிவாரத்திலும் கண்ட பறவைகளின் பட்டியலை 1877-ல் 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' இதழில் வெளியிட்டார். அந்த இதழை நடத்தியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பிற்காலத்தில் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராக நாம் பாடப்புத்தகத்தில் படித்த அதே ஹியூம்தான். நாடெங்கும் இருந்த அதிகாரிகளும் பாதிரிமாரும் தோட்ட முதலாளிகளும் அவருக்குக் குறிப்பு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் ஆதாரம் என்றால் சுட்டு வீழ்த்திய பறவையின் தோல். இன்றைக்குக் கைப்பேசிப் படம் போதும்.

அந்தப் பட்டியல்களில் எழுதியவர்களின் பெயர் உண்டு. வழி காட்டிய, பறவையின் குரலை அறிந்து சொன்ன மலைவாசிகளின் பெயர் பெரும்பாலும் கிடையாது. இப்போதும் கைப்பேசிப் பதிவுகளில் நகரவாசிகளின் பெயரே அதிகம். வருடம் முழுவதும் மலையில் இருப்பவர்கள் எழுதத் தொடங்கினால் பதிவுகளின் தரமே மாறும்.

ஃபேர்பேங்க் கண்ட அந்த இரண்டு பறவைகளும்தான் மூன்றாவது வகை அபூர்வம். இவை எங்கிருந்தும் வருவதில்லை, எங்கும் போவதுமில்லை. பாலக்காட்டுக் கணவாய் நீலகிரியையும் பழனி, ஆனைமலைத் தொடரையும் பிரித்துவைத்திருப்பதால், குளிர்ந்த உயரத்தில் மட்டுமே வாழும் பறவைகள் வெப்பமான தாழ்நிலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக முடியாமல் தலைமுறை தலைமுறையாகத் தனித்துப்போயின. நீலகிரிச் சிரிப்பான் வேறு, பழனிச் சிரிப்பான் வேறு ஆனது இப்படித்தான். 2017-ல் வெளியான மரபணு ஆய்வு, சோலைக்கிளிகளையும் இந்தச் சிரிப்பான்களையும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இரண்டு தனிப் பேரினங்களாகப் பிரித்தது. சோலைக்கிளி பெயரில்தான் கிளி. உண்மையில் சோலையின் இருட்டுத் தரையில் இரை தேடும் சிறிய நீலப்பறவை.

வட்டக்கானலிலும் பாம்பார் சோலையிலும் சிரிப்பானின் சத்தம் கேட்காத காலை குறைவு. சுற்றுலாப் பயணிக்கு அது சாதாரணமாகப் படலாம். உலக வரைபடத்தில் அதன் இடம் சில மலைமுகடுகள் மட்டுமே. அந்த முகடுகளும் சுருங்குகின்றன. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, நாற்பது ஆண்டுகளில் மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகச் சொல்கிறது. சீகை, யூகலிப்டஸ், பைன் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. உயர்ந்த புல்வெளியை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத நீலகிரி நெட்டைக்காலிக்கு இது நேரடி அடி. அது தரையில் புல்லுக்குள் கூடு கட்டும் பறவை வேறு.

வழிப்போக்கர்கள் புறப்படும் அதே சித்திரையில், தங்குபவை குடும்பம் நடத்தத் தொடங்குகின்றன. வெண்வயிற்றுச் சோலைக்கிளி ஏப்ரல் முதல் ஜூன் வரை மரப்பொந்திலோ பாதையோர மண்சரிவின் குழியிலோ, சில வேளை ஒரு மீட்டர் உயரத்தில், கூடு வைக்கும். இடுவது இரண்டு முட்டை. நடைபாதையை ஒட்டிய அப்படியொரு குழியின் லொகேஷன் ஒரு குழுவில் விழுந்தால், பெரிய லென்ஸுடன் ஆட்கள் வரிசையாக வந்து நிற்க ஒரு வாரக்கடைசி போதும். ஆள் நிற்கும்வரை தாய்ப்பறவை கூட்டுக்குள் போகாது. குஞ்சு பசியில் கிடக்கும், ஆள் மிதித்த தடத்தைப் பிடித்து இரைகொல்லி வரும். பறவையை வெளியே வரவைக்கக் கைப்பேசியில் அதன் குரலைப் போடுவது இன்னும் மோசம். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக நினைத்து ஆண்பறவை இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு அலையும்.

இது நாகரிகம் சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குத் தரப்பட்ட விளக்கத்தில், காட்டுப்பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி தூக்கியவரும் கூட்டருகே முகாமிட்டவரும் அந்த வரையறைக்குள் ஒன்றாகவே வருகிறார்கள் என்பது படம் எடுப்பவர்கள் பலருக்குத் தெரியாது.

ஆக, எதைப் பகிர்வது என்பதற்கு ஒரே விதி போதாது. பயணத்தில் இருக்கும் பறவையைப் பார்த்தால் தாராளமாகச் சொல்லலாம். செய்தி பரவி ஆட்கள் கூடுவதற்குள் அது கிளம்பியிருக்கும். கூட்டையும் குஞ்சையும் பற்றி வாயே திறக்கக் கூடாது. 'கொடைக்கானல் சோலை' என்ற அளவில் இடத்தைச் சொன்னால் ஆய்வுக்கு அதுவே போதுமானது. கூடுதல் விவரம் தேவைப்பட்டால் பருவம் முடிந்து, குஞ்சு பறந்தபின் சேர்த்துக்கொள்ளலாம். பிடிபடவோ தொந்தரவுக்கு உள்ளாகவோ வாய்ப்புள்ள சில இனங்களின் இடத்தை இ-பேர்ட் தளமே பொதுப்பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அப்படி மறைக்க யாரும் இல்லை. அனுப்புகிறவரின் விரல்தான் கடைசித் தடுப்பு.

இந்தியாவுக்கே உரிய பறவைகளைப் பதிவிடும் நாள் ஒன்று ஆண்டுதோறும் மே மாதத்தில், வழக்கமாக இரண்டாவது சனிக்கிழமை, உலகப் பறவைப் பதிவு நாளுடன் சேர்ந்து நடக்கிறது. பங்கேற்கக் கட்டணமோ முன்அனுபவமோ தேவையில்லை. மலையிலோ அடிவாரத்திலோ வசிப்பவர்கள் அன்றைக்கு வீட்டு வாசலில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த, கேட்ட, அடையாளம் தெரிந்த பறவைகள் அனைத்தையும் எண்ணிக்கையோடு எழுதிப் பதிவேற்றுங்கள். தெரியாத பறவையை ஊகித்து எழுத வேண்டாம், விட்டுவிடுங்கள்.