பைபர் வள்ளத்துக்குள் ஊறும் மழைத்தண்ணீர்: காப்பது எப்படி, கேட்பது யாரிடம்?

ஆனி, ஆடியில் கடல் கிளம்பிவிட்டால் பல ஊர்களில் வள்ளங்கள் கரையேறிவிடும். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் அதுதான் சீசன். ஒதுக்கமான துறைமுகம் என்பதால் பூந்துறை, புல்லுவிளைக்காரர்களும் அந்த மாதங்களில் இங்கே வந்து தொழில் செய்கிறார்கள். கொட்டும் மழையில் நனைந்தபடியேதான் இங்கே வள்ளம் உழைக்கிறது.

பைபர் மக்காது என்பது பாதி உண்மை. கண்ணாடி இழையும் ரெசினும் மக்குவதில்லை. ஆனால் எஞ்சின் மாட்டும் பின்பலகையிலும் குறுக்குச் சட்டங்களிலும் பைபருக்கு உள்ளே பெரும்பாலும் பிளைவுட்டோ மரமோதான் இருக்கும். மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைக்கு உப்புநீர் அவ்வளவாக ஒத்துவராது. மழைநீரும் ஐஸ் உருகிய நீரும்தான் அதை வளர்ப்பவை. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தில் அது வளராது. ஆகவே கடல் தண்ணீரைவிட, வள்ளத்துக்குள் தேங்கும் நல்ல தண்ணீருக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

என்ன ஆபத்து?

பின்பலகை மக்கினால் போல்ட் ஆடும். துறைமுக வாயிலில் அலைக்கு எதிராக எஞ்சினை முடுக்கும்போது பலகை விட்டுக்கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. மிதப்பதற்காக அடைத்த போம் நீர் குடித்தால் வள்ளம் கனக்கும், மண்ணெண்ணெய்ச் செலவு ஏறும், கவிழ்ந்த வள்ளம் மிதந்து நிற்பதும் சந்தேகம்.

தடுப்பது எப்படி?

போல்ட்டுக்கும் ஸ்குருவுக்கும் போடும் துளைகள்தான் நீர் நுழையும் வாசல். துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, எப்பாக்சியால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் மறுபடி துளையிட்டால் போல்ட் மரத்தைத் தொடாது.

கரைக்கு வந்ததும் அடித்தக்கையைத் திறந்து நீரை முழுதும் வடியுங்கள். காற்றுப்பெட்டிகளின் மூடியையும் திறந்து வையுங்கள். தார்ப்பாயை வள்ளத்தோடு ஒட்டிப் போர்த்தினால் உள்ளே புழுங்கும். நடுவில் கழி கொடுத்துத் தூக்கி, இரு முனையிலும் காற்றோட விடுங்கள்.

மாதம் ஒருமுறை பின்பலகையைச் சிறு மரச்சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். ஊறிய இடம் பொத்தென்று அடங்கும். போல்ட் ஓரம் பழுப்பு நீர் கசிந்தாலும் உள்ளே மரம் அழுகுகிறது என்று சந்தேகப்படுங்கள். அப்போது மேலே இன்னொரு பைபர் அடுக்கு போடுவது ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். மக்கியதை வெட்டி எடுத்து, முழுதும் உலர்ந்த பிறகே மூட வேண்டும். மழை நாளில் கண்ணாடி இழை விரிப்பில் (மேட்) ஈரமேறி ரெசின் சரியாக இறுகாமல் போகலாம். இந்த வேலையை வெயில் மாதங்களுக்கு வையுங்கள்.

உங்கள் உரிமை

புது வள்ளத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே, மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 தரம், பலகையின் கனம், உத்தரவாதக் காலம் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தொழிலுக்கு வாங்கிய பொருளைப் பொதுவாக ஏற்காது. ஆனால் தானே உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் இந்த உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லியிருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் ஆலோசனை கேட்கலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

காப்பீட்டில் கவனம் தேவை. கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 1963, பாலிசியில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, சாதாரணத் தேய்மானத்துக்கும் பொருளின் உள்ளார்ந்த குறைக்கும் இழப்பீடு தருவதில்லை. மெல்ல மக்கியதை இந்தக் காரணம் காட்டித் தள்ளிவிடலாம். விபத்தில் உடைந்தது என்றால் பழுது பார்க்கும் முன்பே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, சர்வேயர் பார்த்தபின் கை வையுங்கள். மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால் முதலில் நிறுவனத்துக்கே எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் கொச்சியிலுள்ள காப்பீட்டு ஒம்புட்ஸ்மேனை அணுகலாம், கட்டணம் இல்லை.

எந்த வழியில் போனாலும் கேட்கப்படுவது ஆதாரம். பலகையை வெட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். மக்கிய துண்டைக் கடலில் எறியாமல் தேதி எழுதிக் கட்டி வையுங்கள். குறையைக் கண்டறிய ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால், அதற்கு உத்தரவிட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.