தீவக வெயிலும் பழைய டிஜிற்றல் கமராவும்

நெடுந்தீவிலே நண்பகல் வேளையில் முருகைக்கல் மதில்களிடையே நிற்பவன், கல்லின் வெண்மையையும் அதன் இடுக்கில் உறையும் நிழலையும் ஒருங்கே காண்கின்றான். கமராவுக்கு அவ்வாற்றல் குறைவு. 1999இல் வந்த நிக்கன் டி1, 2003இல் வந்த கனன் 300டி முதலிய பழைய டிஜிற்றல் கமராக்களுக்கோ மிகக் குறைவு. எனினும் இவற்றுட் பல இன்றும் பழுதின்றி இயங்குவன, விலையும் மலிந்தன. ஆதலின் மாணவர் கைக்கு எட்டுவன இவையே.

குறிகட்டுவானிற் படகேறி ஒரே பகலில் நெடுந்தீவு சென்று மீள்வோர்க்கு உச்சி வெயிலே வாய்க்கும். 1990இன் பின்னர் தீவகத்தை விட்டகன்ற குடும்பங்கள் பல. அவர்தம் பாழடைந்த வீட்டுச் சுவரைப் படமாக்க வருவோர்க்கு மறுமுறை வாய்ப்பு அரிது. அடுத்த மாரிக்கு அச்சுவர் நில்லாதும் போகலாம்.

பனையிற் கட்டிய முட்டி நிறைந்தபின் வடியும் கருப்பநீர் மண்ணுக்கே போவது போல, கமராவின் உணரி நிறைந்தபின் விழும் ஒளி பதிவாவதில்லை. அவ்விடம் வெறும் வெள்ளையாகும். பின்னர் எவ்வகையானும் மீளாது. நெகற்றிவ் படச்சுருள் இத்துணைக் கடுமை காட்டாது.

அங்ஙனமாயின் எப்போதும் ஒளியைக் குறைத்தே எடுக்கலாமே எனின், அது பலர் கூறும் அறிவுரையாயினும் பொருந்தாது. ஒளியை இருமடங்காக்கலையோ பாதியாக்கலையோ ஒரு படி என்பர். 12 பிற் பதிவில் உள்ள 4096 நிலைகளுள் மிக்க ஒளியுடைய படி 2048ஐக் கொள்ளும், அடுத்தது 1024, ஐந்தாம் படிக்கு எஞ்சுவன 128 மட்டுமே. அந்நிழலைப் பின்னர் வெளிச்சமாக்கப் புகின் புள்ளிபுள்ளியாய் இரைச்சலே மேலெழும்.

ஒளிமானியோ தன் முன்னுள்ள யாவும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கணக்கிடும். வெண்மதில் சட்டம் முழுதும் நிறையின் அது சாம்பலாகும். ஒரு படி கூட்டுதல் வேண்டும். பெருக்குமர நிழலில் நிற்பவரைக் குறிவைப்பின், பின்னேயுள்ள வெண்மணல் எரிந்துபோகும்; அங்கே குறைத்தல் வேண்டும். மானி மயங்குமிடத்துப் பழைய விதியொன்று துணைபுரியும்: ஐ.எஸ்.ஓ. 100இல், தெளிந்த வெயிலில், துவாரம் 16, வேகம் 1/125 செக்கன். துவாரம் 8க்கு மேற் சுருங்காத சிறு கமராவில் 1/500. சாட்டிக் கடற்கரை போன்ற வெண்மணற் பரப்பில் இதனினும் ஒரு படி குறைக்கலாம்.

வெயிலிற் கமராத் திரையின் படத்தை நம்புதல் வீண். குடையின் கீழ் வலையுருவரையத்தை நோக்குக. அது வலப்புற எல்லையை முட்டி நிற்பின், மூன்றிலொரு படியாகக் குறைத்து மீண்டும் எடுத்தல் வேண்டும்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தின் ஆனி மகோற்சவம் இதற்குக் கடுஞ் சோதனையாகும். மேலாடையற்ற மாநிற மேனியும் வெண்வேட்டியும் ஒரே சட்டத்துள் வரும். வேட்டியின் மடிப்புகள் தெரியுமளவுக்கு ஒளியைக் குறைத்து, அதற்குமேற் குறையாது விடுதலே முறை. பல பழைய கமராக்கள் மொத்த ஒளிக்குரிய வரையத்தையே காட்டுவன. சிவப்பு மட்டும் நிரம்பி வழிவதை அவை உணர்த்தா. ஆதலின், செம்பட்டு அணிந்த தேரைப் படமாக்குவோர் வரையம் செவ்வனே தோன்றினும் மேலும் அரைப்படி குறைத்தல் தக்கது.