புளிப்பு மண்ணின் பிரஜைகள்

வயலிலிட்ட அம்மோனியா உரத்தை நைட்ரேட்டாக்கத் தொடங்குபவை பாக்டீரியாக்களே என்பது 1890-ல் வினோகிராட்ஸ்கி நிலைநாட்டிய சித்தாந்தம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆக்ஷேபணையின்றி நின்ற இத்தீர்ப்பை 2005-ல் ஆர்க்கியா என்னும் வேறொரு குலம் மாற்றிவிட்டது.

2011-ல் ஸ்காட்லாந்தில் அபர்டீனின் புளிப்பு மண்ணிலிருந்து கிடைத்த நைட்ரோஸோடாலியா அக்குலத்தது. புளிப்பு மிகுந்தால் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாகிவிடும். சாதாரண பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கும். இதுவோ பி.எச். 4 முதல் 5.5 வரையிலேயே வளர்கிறது. செம்மையான நிலம் இதற்கு ஆகாது! இதன் ஜீனோம் சுமார் 18 லட்சம் எழுத்துக்களே.

இதனால் உழவனுக்கு என்ன? கடன்பட்டு வாங்கிய உரத்தில் ஒரு பங்கு நைட்ரேட்டாகி மழைநீரோடு போகிறது. ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்ஸைடாகி ஆகாயத்தைச் சூடேற்றுகிறது. பிரதிவாதி இன்னாரென்று அறியாமலே டிக்ரி வாங்கியது போலிருக்கிறது நம் நிலை: தடுப்பு மருந்துகளிற் சில, பாக்டீரியாவை அடக்குமளவு ஆர்க்கியாவை அடக்குவதில்லை.